காணித் தரகர் விடயம்: ஞாயிறு பின்னேரம் கூட்டம்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஒழுங்கையில் தரகர் ஒருவர் வீடு வீடாகப் போய், "பக்கத்துக் காணி விலைப்பட்டிட்டுது, நீங்களும் இப்பவே அட்வான்ஸ் வாங்குங்கோ" என்று சொல்லித் திரிகிறார். பக்கத்துக் காணிக்காரரைக் கேட்டால் அவருக்கே தெரியாது!

இதுபற்றிப் பேச 15ஆம் திகதி ஞாயிறு பின்னேரம் 4.30க்கு சனசமூக நிலையத்தில் கூடுகிறோம். சட்டத்தரணி ஒருவரும் வருவார்.

அதுவரை:

1. வாசிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம். அவசரக் கடனுக்கு ஈடு (அடமானம்) எழுதுகிறோம் என்று சொல்லி அறுதி உறுதி (காணியை முழுதாக விற்றதாக எழுதும் பத்திரம்) எழுதிவிடுகிறார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு, 2 சாட்சிகள் முன் ஒப்பமிட்ட பிறகு "கடனுக்குத்தான் எழுதினேன்" என்று நிரூபிக்க வருடக்கணக்கில் வழக்காட வேண்டும். தனியே இருக்கும் வயதானவர்களுக்கு இதை நேரில் போய்ச் சொல்லுங்கள்.

2. மூல உறுதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். போட்டோக் கொப்பி காணும்.

3. வெளிநாட்டில் உள்ளவர்கள் யாருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுத்தீர்கள் என்று பாருங்கள். தேவையில்லாவிட்டால் ரத்துச் செய்து, அந்த ரத்தையும் பதியுங்கள்.

4. காணிப் பதிவகத்தில் உங்கள் காணிப் பதிவை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

5. பலருக்குப் பொதுவான பங்குக் காணி என்றால், தேசவழமையின் (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) கீழ் பங்காளிக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு விற்கமுன் தான் வாங்கும் உரிமை, உண்டு (1947ஆம் ஆண்டுச் சட்டம்). தரகர் இதைச் சொல்லமாட்டார்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரை இங்கே போடுங்கள். வெளிநாட்டில் இருப்போர் கேள்விகளைக் குரல் பதிவாக அனுப்பலாம். தரகரின் படத்தை மட்டும் குழுவில் போடவேண்டாம், வீண் வழக்கு வரும்.

நன்றி.