உப்புத் தண்ணீர் விஷயமாக

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே பெரியவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவிக்குத் தடை. நான் பவளம் வளர்க்கிற கடல்நீர் மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றப் போகிறாய், தொட்டிக்கென்று விற்கிற கடல் உப்பை அன்றைக்கு அன்றைக்குக் கரைத்தால் போதாதா, ட்ரம்மில் வைத்தால் கெட்டுப்போகாதா என்கிறாய். கெடாது. அதில் மீனும் இல்லை, தீனியும் இல்லை, அழுகுவதற்கு என்ன இருக்கிறது? இறுக்கி மூடி வெயில் படாத இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். திறந்து வைத்தால்தான் வம்பு: தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், அளவு ஏறிவிடும்.

நான் எப்போதும் ஒரு ட்ரம் தயாராக வைத்திருப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் பாதி, மழை பாதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் நாள்கணக்கில் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. மெஷின் ஓடாது, ஆர்.ஓ. ஓடாவிட்டால் புதிதாக எதையும் கரைக்க முடியாது. தொட்டியில் ஏதாவது செத்து அம்மோனியா ஏறினால் அந்த நேரத்தில் கைகொடுப்பது ஏற்கெனவே கரைத்து வைத்த தண்ணீரும் பேட்டரி ஏர் பம்பும்தான். கோயம்புத்தூரில் வெள்ளம் வராது என்பாய், ஆனால் ஹீட்டர் பழுதாவதற்கும் மருந்தை அளவு தெரியாமல் ஊற்றிவிடுவதற்கும் ஊர் பேதம் கிடையாது.

அடுத்து உன் சிறுவாணிப் பெருமை. தண்ணீர் அவ்வளவு மென்மை, அதை ஏன் வடிகட்ட வேண்டும் என்கிறாய். குடிக்க அமிர்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும், வழியில் கொஞ்சம் பாஸ்பேட்டும் செம்பும் சேரலாம், மீன் தாங்குகிற செம்பைப் பவளமும் இறாலும் தாங்காது. அதற்காகச் சமையலறை ஆர்.ஓ.வில் பிடித்து ஊற்றிவிடாதே, இதை அடிக்கோடிட்டுப் படி. இப்போது விற்கிற மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலக்கிறார்கள், சிலவற்றில் உடம்புக்கு நல்லது என்று செம்பு கார்ட்ரிட்ஜே வைத்திருக்கிறார்கள்! நமக்கு வேண்டியது ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்கிற டி.ஐ. ரெசின், மீட்டரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருப்பவற்றின் அளவு, பூஜ்யம். மீட்டர் ஒன்று, இரண்டு என்று காட்டத் தொடங்கினால் ரெசினை மாற்று. கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்.

கடலோரத்தில் இருந்துகொண்டு உப்பை ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய் என்றும் கிண்டல் செய்திருக்கிறாய். அடையாறும் கூவமும் கடலில் எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்று பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய், போதாததற்கு வடகிழக்குப் பருவமழையில் கரையோரத் தண்ணீரின் உப்பும் குறைந்துவிடும். கல்லுப்பும் உதவாது, அது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் உலகம் சுற்றிக் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் சோதித்து, கடல் எங்கே எவ்வளவு கரித்தாலும் உப்புகளின் விகிதம் கிட்டத்தட்ட மாறுவதில்லை என்று 1884-இல் எழுதினார். கடலுக்குச் சரி, கடையில் வாங்கிய உப்புப் பைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பயணத்தில் மணிகள் பிரிந்து அடியில் தங்கும், மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும். அதனால் பக்கெட்டை நன்றாக உருட்டிவிட்டு அள்ளு, உடனே காற்றுப் புகாமல் மூடு.

கரைப்பது பெரிய வித்தையில்லை. தண்ணீரில் உப்பைப் போடு, உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதே. ஊற்றினால் ஆரம்பத்தில் கரைசல் அளவுக்கு மீறி அடர்த்தியாகி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியாக இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது. 20 லிட்டருக்கு முதலில் 700 கிராம் போட்டு பவர்ஹெட்டை (தண்ணீரைச் சுழற்றுகிற சின்ன பம்ப்) ஓடவிடு, தெளிந்தபின் அளந்து பார்த்து மீதியைச் சேர். இலக்கு 35 பி.பி.டி., அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, ஒப்படர்த்தியில் சொன்னால் 25 டிகிரியில் 1.026 என்று வரும். உப்பின் அளவு காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்ப்பதோடு விடாதே, 35 பி.பி.டி. கரைசல் ஒரு பாட்டில் வாங்கி அதில் சரிபார்.

பம்ப்பை நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மூர் வெக்கையில் பம்ப்பின் சூடும் சேர்ந்தால் சுண்ணாம்பு இன்னும் சுலபமாகப் படியும். சில மணி நேரம் ஓட்டு, நிறுத்து, மூடு, மாற்றுவதற்கு முன் அரை மணி நேரம் மறுபடி ஓட்டு. இன்னொன்று, இயற்கைக் கடலில் அல்கலினிட்டி, அதாவது கார்பனேட் வகை உப்புகளின் அளவு, 7 டி.கே.எச். (அதை அளக்கிற அலகு) பக்கம், 11, 12 என்று ஏற்றி விற்கிற உப்புகள் ட்ரம்மில் நிற்கப் பொறுமை இல்லாதவை, கரைத்த சில மணி நேரத்தில் பயன்படுத்தச் சொல்லி லேபிளிலேயே இருக்கும். சேர்த்து வைக்கப் போகிறாய் என்றால் அல்கலினிட்டி குறைந்ததையே வாங்கு. எப்படியும் ட்ரம் சுவரில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கொஞ்சம் படியும், காலியானதும் வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

வெப்பம் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. தொட்டி 26 டிகிரி, ட்ரம் 32 டிகிரி என்றாலும் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் ஏறுவது அரை டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஈடாக மட்டும் இந்த ட்ரம்மிலிருந்து ஊற்றாதே, அதற்கு வெறும் டி.ஐ. தண்ணீர்.

ட்ரம் வாங்கும்போது உணவுத் தரம் என்று போட்ட புது ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ட்ரம்மாகப் பார். பழைய நீல ட்ரம் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் அதில் முன்பு என்ன ஆசிட் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. 100 லிட்டர் போதும். மாடியில் வைப்பதாக இருந்தால் எந்த மூலையில் என்று ஒரு போட்டோ அனுப்பு, அதற்குமுன் உப்பு மூட்டைக்கு ஆர்டர் போட்டுவிடாதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி