ஃபில்லர் டிக்கிக்குள் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெட்ரோல் காரை எல்பிஜிக்கு மாற்றுவது பற்றித் தங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையில் கிட் வகைகள், மைலேஜ், ஆர்.டி.ஓ. நடைமுறை எல்லாம் விரிவாக இருந்தன. கேஸ் நிரப்பும் வாயான ஃபில்லரைப் பற்றி மட்டும் 'வசதியான இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்' என்ற ஒரே வரி. யாருக்கு வசதி என்று கேட்க வேண்டியிருக்கிறது. பொருத்துகிறவருக்கு வசதியான இடம் டிக்கிதான். பாடியில் ஓட்டை போட வேண்டாம், பெயின்ட் வேலை கிடையாது, குழாயும் இரண்டடியில் முடிந்துவிடும். பெங்களூரு பங்க்குகளில் டிக்கியைத் திறந்து வைத்து கேஸ் பிடிக்கிற கார்களை இன்றும் பார்க்கலாம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு இன்னும் சிலர் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

ஒவ்வொரு முறை பங்க் குழாயின் முனையான நாசிலைக் கழற்றும்போதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். நாசிலுக்கும் ஃபில்லருக்கும் நடுவில் சிக்கிய கொஞ்சம் திரவம் வெளியேறும் சத்தம் அது, பழுது இல்லை. ஆனால் திரவ எல்பிஜி ஆவியானால் சுமார் 250 மடங்கு பெருகும். 5 மில்லி சிக்கியிருந்தது என்று வைத்துக்கொண்டால் 1.25 லிட்டர் கேஸ். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் என்பதால், அந்த 5 மில்லி 60 லிட்டர் காற்றைப் பற்றக்கூடியதாக ஆக்கிவிடும். சிறிய காரின் ஸ்டெப்னிக் குழி ஏறக்குறைய அந்த அளவுதான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது (புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு), அதனால் கீழே இறங்கி அந்தக் குழியில்தான் தங்கும். பக்கத்திலேயே டிக்கி விளக்கின் சுவிட்ச், பின்விளக்கின் கனெக்டர்கள், சில கார்களில் ஆம்ப்ளிஃபயர். வெளியே நடந்தால் காற்றோடு போய்விடுகிற ஒன்று, மூடிய டிக்கிக்குள் ஆபத்தாகிறது. டேங்க் டிக்கியிலோ பயணிகள் பகுதியிலோ இருந்தால் ஃபில்லர் வண்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 67 சொல்வதும் இதனால்தான்.

டேங்கைவிட ஃபில்லர் மேலே இருந்தால்தான் கேஸ் இறங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெட்ரோலுக்கு அது சரி. எல்பிஜியை பங்க் பம்ப் அழுத்தத்தோடு தள்ளுகிறது. ஃபில்லர் டேங்கைவிட ஒரு முழம் கீழே இருந்தாலும் நிரம்பும். டேங்க் 80 சதவீதம் நிரம்பியதும் நிறுத்துவது டேங்கின் மேல் உள்ள வால்வுத் தொகுப்பான மல்டிவால்வு, ஃபில்லர் இல்லை. ஆகவே உயரத்தைக் காரணம் காட்டி டிக்கிக்குள் வைக்கத் தேவையே இல்லை.

என் கணக்கில் முதல் இடம் பெட்ரோல் போடத் திறக்கும் சிறு கதவுக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம். தூசி, மழை, மோதல் மூன்றிலிருந்தும் அங்கே பாதுகாப்பு உண்டு, பாடியும் அறுபடாது. சிறிய ஃபில்லரைப் பொருத்தி, நிரப்பும்போது மட்டும் பித்தளை அடாப்டரைத் திருகிக்கொள்வார்கள். இதில் நடக்கிற தவறு ஒன்றே ஒன்று. கிண்ணம் பிளாஸ்டிக்காக இருந்தால், அந்தப் பிளாஸ்டிக்கிலேயே நட் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். நாசிலின் கனமும் அதைத் திருகும் விசையும் சேர்ந்து சில மாதங்களில் பிளாஸ்டிக் விரிந்து, ஃபில்லர் தானே சுழல ஆரம்பிக்கும். பின்னால் இருக்கும் செம்புக் குழாயும் கூடவே முறுக்கிக்கொள்ளும். பின்பக்கம் 2 மி.மீ. இரும்புத் தகட்டில் பிராக்கெட் செய்து பாடி உலோகத்தோடு போல்ட் போட வேண்டும். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் துளையை அடைக்கக் கூடாது. அடாப்டரைக் கையால் இறுக்கினால் போதும். அது தொலையாமல் காரிலேயே இருக்க ஓர் இடம் வேண்டும். கதவைத் திறந்து பார்த்து இடம் போதவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பெட்ரோல் மூடியைத் திருகக் கை நுழையாதபடி நெருக்கிப் பொருத்தினால் அடுத்த பெட்ரோலுக்கே சண்டை வரும்.

அடுத்த இடம், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கத் தகடு. இதற்கு 60 முதல் 70 மி.மீ. ஓட்டை போட வேண்டும். வெட்டுவதற்கு முன் உள்பக்க லைனிங்கைக் கழற்றி, பின்னால் ஒயர் கட்டு, சீட் பெல்ட் நங்கூரம் ஏதும் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெட்டிய விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகே ஃபில்லர் கிண்ணத்தை வைக்க வேண்டும். இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்த்த கார்களில், இரண்டு மழைக்காலம் போனதும் ஃபில்லரைச் சுற்றித் துரு வளையம் தெரியும். கிண்ணம் பின்பக்கம் முழுமையாக மூடியதாக இருப்பது அவசியம். திறந்திருந்தால் 'புஸ்' கேஸ் தகட்டின் இடைவெளி வழியாக டிக்கிக்கே வந்துவிடும்; வெளியே வைத்ததன் பயனே போய்விடும்.

பம்பரில் பொருத்துவது மூன்றாம் பட்சம். பார்க்க அழகாக இருக்கும், வேலையும் சுளுவு. ஆனால் இன்றைய பம்பர் பிளாஸ்டிக் தோல்தான். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பைக் ஒன்று லேசாக முட்டினாலே அரை அங்குலம் உள்ளே போய்த் திரும்பும். ஃபில்லருக்குப் பின்னால் உள்ள செம்புக் குழாய் ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் நட்டை ஒட்டிய இடத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். பம்பரில்தான் வைக்க வேண்டும் என்றால், ஃபில்லரைத் தாங்கும் பிராக்கெட் சேசிஸிலிருந்து வர வேண்டும். பம்பரின் ஓட்டை ஃபில்லரைச் சுற்றி 5 மி.மீ. தளர்வாக இருக்க வேண்டும். அப்போது பம்பர் ஆடினாலும் ஃபில்லர் ஆடாது. பம்பரைக் கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள்: பல கார்களில் பம்பருக்குப் பின்னால், பாடியின் மூலையில், உள்காற்று வெளியேறும் ரப்பர் மடல் இருக்கும். ஃபில்லரை அதற்கு நேராக வைத்தால் கேஸ் அதன் வழியே உள்ளே போக வாய்ப்புண்டு. எதிர்மூலைக்கு மாற்றுங்கள். எதிர்மூலையில் சைலன்சர் வாய் இருந்தால் பம்பரையே விட்டுவிடுங்கள். சைலன்சருக்கும் எல்பிஜி பாகத்துக்கும் நடுவில் குறைந்தது 10 செ.மீ. இடைவெளியோ, இடையில் வெப்பத் தடுப்புத் தகடோ இருந்தே ஆக வேண்டும்.

பம்பருக்கு அடியில் தொங்கவிடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்பீடு பிரேக்கரில் உரசும். மழையில் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரில் முழுகும். ஃபில்லரின் தூசி மூடியைக் கழற்றிப் பார்த்தால் பித்தளை முகத்தின் நடுவில் மிளகு அளவில் வால்வு முனை, அதைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கும். அந்த வளையத்தில் ஒரு மணல் உட்கார்ந்தாலே போதும், வால்வு முழுதாக மூடாது. நிரப்பி முடித்த பிறகும் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும் புரொப்பேன் விரலில் பட்டால் சதை உறைந்துவிடும். பங்க்கில் நாசிலை மறுபடி மாட்டிக் கழற்றினால் பெரும்பாலும் மணல் அடித்துக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் ஃபில்லரையே மாற்ற வேண்டும்.

ஃபில்லரிலிருந்து டேங்குக்குப் போவது பொதுவாக 8 மி.மீ. செம்புக் குழாய். ஃபில்லரில் ஒன்று, மல்டிவால்வில் ஒன்று என இரண்டு ஒருவழி வால்வுகள் இருப்பதால், விபத்தில் குழாய் அறுந்தாலும் இடையில் இருப்பது மட்டுமே வெளியேறும்: ஒரு மீட்டருக்குச் சுமார் 28 மில்லி, அதாவது ஏழு லிட்டர் கேஸ். குழாய் நீளம் குறைவாக இருப்பது நல்லது என்பது இதனால்தான். ஆனால் ஃபில்லர் அருகே ஒரு சுற்றுச் சுருள் விட்டே தீர வேண்டும். அதிர்வை அதுதான் வாங்கிக்கொள்ளும். தரைத் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம், இரண்டடிக்கு ஒரு கிளிப். டிக்கிக்குள் நடுவில் ஜாயின்ட் கூடாது. இறுக்கு வளையம் போட்ட நட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண்வேலை, அங்கே அடைப்பது வளையம்தான். மல்டிவால்வை மூடும் காற்றுப்புகாப் பெட்டியிலிருந்து வெளியே போகும் குழாயின் வாய் 450 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது, 24 மி.மீ. விட்டம் என்றால் சரியாக இருக்கும். அது கீழ்நோக்கித் திறக்க வேண்டும். சக்கர வளைவுக்குள்ளோ சைலன்சர் பக்கமோ திரும்பக் கூடாது.

காரை விட்டு வருமுன் பொருத்துநரிடம் ஒன்று கேளுங்கள்: டேங்க் ஏறுவதற்கு முன்பே ஃபில்லர் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். டேங்க் ஏறிய பிறகு குழாய் எங்கே எட்டுகிறதோ அங்கேதான் ஃபில்லர் வரும். டேங்கில் இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 14899 முத்திரை, ஆர்.சி.யில் எல்பிஜி பதிவு, இவற்றோடு ஃபில்லர் இருக்கும் இடத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். முதல் முறை நிரப்பியதும், பங்க்கை விட்டு வெளியே வந்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஃபில்லர் முகத்திலும் பின்பக்க நட்டிலும் சோப்பு நுரையைத் தடவி இரண்டு நிமிடம் பாருங்கள். குமிழி ஒன்று வந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போங்கள். தூசி மூடி தொலைந்தால் அன்றே புதிது வாங்கிப் போடுங்கள், ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

இப்படிக்கு,
கேஸ் கிட் பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்,
அல்சூர், பெங்களூரு