மண்டல எண்ணைப் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையின் நிலநடுக்க ஆபத்து பற்றிப் பேச்சு வந்தால், 'மூன்றாம் மண்டலம், மிதமான ஆபத்து' என்று முடித்துவிடுகிறார்கள். நாட்டை நிலநடுக்க ஆபத்துப்படி மண்டலங்களாகப் பிரிக்கும் ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தர விதி 2002-இல் திருத்தப்பட்டபோது நகரம் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது உண்மை. ஆனால் கிண்டிப் பாறைக்கும் எண்ணூர் மணலுக்கும் அதே எண்தான். 1967-இல் ஓங்கோல் பக்கமும் 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலிலும் 5 ரிக்டருக்கு மேல் அதிர்ந்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரை மாடிகள் எழும்பும் இப்போது, மனைக்கு அடியில் என்ன மண் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நீரில் ஊறிய தளர்ந்த குறுமணல் குலுங்கும்போது மணல் மணிகளுக்கு நடுவே நீரழுத்தம் ஏறி, மண் குழம்பாகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் உடையாமலே சாய்ந்தது அப்படித்தான்.

மனையின் மண் அப்படிப்பட்டதா என்று அறிய, போர் (ஆழ்துளை) போட்டு, மண்ணின் இறுக்கத்தை அளக்கும் எஸ்.பி.டி. சோதனை செய்வார்கள். துளைக்குள் இறக்கிய குழாயை அடிக்க, 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும். குழாய் முதல் 15 செ.மீ. இறங்கியதை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க விழுந்த அடிகளை எண்ண வேண்டும். ஊற்றுமட்டத்துக்கு (நிலத்தடி நீர்மட்டம்) கீழுள்ள மணலில் அந்த எண்ணிக்கை 15-க்குக் குறைந்தால் உஷாராக வேண்டும். இதில் நடக்கும் கோளாறுகள்தான் அதிகம். துளைக்குள் தண்ணீர் மட்டத்தை இறங்க விட்டால் அடியிலிருந்து மணல் பொங்கி எண்ணிக்கையே பொய்யாகிவிடும். மே மாதத்து ஊற்றுமட்டத்தை எழுதிக்கொண்டு, ஐப்பசி மழைக்குப் பிந்தைய மட்டத்தை விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் விட மோசம், பக்கத்து மனை அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து வைப்பது. ஆரணியாற்றங்கரையில் ஒரு மனை தள்ளினாலே மண் மாறும்.

அடுத்தது பில்லர். 2001-இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் கீழ்த்தளத்தை பார்க்கிங்குக்காகத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தன. மேலே சுவர்கள் இறுக்கிப் பிடிக்க, ஆட்டம் முழுக்கக் கீழே பில்லர் மேல் விழுந்தது. இங்கே சுவருக்குள் மறைய வேண்டும் என்று 9 அங்குல பில்லர் கேட்கிறார்கள், நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13920 விதி கேட்பது குறைந்தது 300 மி.மீ. (சுமார் 12 அங்குலம்). அதில் 12 மி.மீ. நெடுங்கம்பி போட்டால், பில்லரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒன்றரை அடிக்காவது, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி 70 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ரிங்கின் கொக்கி 135 டிகிரி வளைந்து, அதன் வால்முனை 65 மி.மீ. உள்ளே போக வேண்டும். மாட்ட எளிது என்று 90 டிகிரியில் விட்டால், மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி பிரிந்து கம்பி வெளியே பிதுங்கும்.

கான்கிரீட் போட்டபின் இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது. எனவே திட்ட அனுமதி தரும் அலுவலகங்கள், அந்தந்த மனையிலேயே எடுத்த போர் விவரத்தையும், பில்லருக்குப் பெட்டி (கான்கிரீட் ஊற்றும் அச்சு) அடிக்கும் முன் ரிங்கை அளவுகோல் வைத்து எடுத்த படத்தையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர்கள் சிலர்,
பொன்னேரி.