வாவிக்கரையில் ஸ்கேட்டிங் ஓட ஒரு பாதையும் ஒரு கொங்கிறீட் தளமும் ஒதுக்கித் தருமாறு கோரும் மனு

மாநகர ஆணையாளர் அவர்கள்,
மாநகர சபை,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

கல்லடி, கல்லடி உப்போடை, நாவலடி, புளியந்தீவு, கோட்டமுனை ஆகிய இடங்களில் வசிக்கும் பெற்றோரும், ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளும் இளைஞர் யுவதிகளுமாகிய நாங்கள் இந்த மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம்.

ஒரே வரிசையில் நான்கு சில்லுகள் பூட்டிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடும் இன்லைன் ஸ்கேட்டிங் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமும் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமாமாரும் சித்திமாரும் கொண்டுவந்து கொடுத்தவை, கொழும்பில் வாங்கியவை, மூத்த பிள்ளைக்குச் சிறுத்துப்போய்த் தம்பி தங்கைக்கு வந்தவை என்று சப்பாத்துகள் பல வீடுகளில் இருக்கின்றன. போட்டு ஓடத்தான் இடமில்லை. வீட்டு விறாந்தையில் சுவரைப் பிடித்து நான்கு எட்டு வைத்துப் பழகிய பிள்ளை, அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியாமல் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது.

தங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. வாவிக்கரையோரம் ஏற்கனவே நல்ல நிலையில் இருக்கும் ஒரு வீதித் துண்டை ஞாயிறு காலையில் இரண்டு மணித்தியாலம் வாகனம் வராமல் மறித்துத் தர வேண்டும். அடுத்தது, மாநகர சபைக்குரிய ஒரு பூங்காவிலோ வெற்றுக் காணியிலோ மட்டமான கொங்கிறீட் தளம் ஒன்றைப் போட்டுத் தர வேண்டும். முதலாவதற்குப் பெரிய செலவு இல்லை. இரண்டாவதை அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்துப் பார்க்குமாறு கேட்கிறோம்.

வீதி என்றால் எல்லாம் ஒன்றுதானே, எதற்குத் தனியாக ஓரிடம் என்று தாங்கள் நினைக்கக்கூடும். அதனால் தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

பிள்ளைகள் போடும் சப்பாத்தின் சில்லு பெரும்பாலும் 70 முதல் 80 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் அளவுதான் இருக்கும். அது கெட்டியான பொலியூரித்தேன். உள்ளே காற்றுக் கிடையாது. மோட்டார் சைக்கிள் ஏறிப்போனதே தெரியாத ஒரு சல்லிக்கல், இந்தச் சில்லுக்கு முன்னால் வந்தால் சில்லு அப்படியே நின்றுவிடும். சில்லு நிற்கும், பிள்ளை நிற்காது. சல்லி போட்டுத் தார் ஊற்றிய வீதியில் ஓடினால் பாதத்திலிருந்து முழங்கால் வரை அதிர்ந்து, கொஞ்சத் தூரத்திலேயே கால் விறைத்துப்போகும். இன்டர்லொக் கல் பதித்த நடைபாதை பார்க்க அழகு, நடக்கவும் வசதி. ஆனால் ஒவ்வொரு கல்லின் இடுக்கிலும் சில்லு தட்டித் தட்டித்தான் போகும். அப்புறம், மணல். சில்லு இலகுவாகச் சுழல உள்ளே இருக்கும் பெயரிங், எட்டுச் சில்லுக்கும் சேர்த்துப் பதினாறு இருக்கின்றன. கடல்மணலும் உப்புக்காற்றும் உள்ளே போனால் அவை கரகரத்து, துருப்பிடித்து, சில மாதங்களில் இறுகிவிடும். ஈரத் தரையில் சில்லு வழுக்கும். வீதியில் வெள்ளைக் கோடு போட்ட இடம் நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நகரத்துக்குள் நல்ல இடம் தேடினோம். தேடியதில் கண்டதையும் சொல்லிவிடுகிறோம்.

கல்லடிக் கடற்கரைப் பக்கம் காற்றும் வெளியும் தாராளம். ஆனால் மணல் ஏறாத தரை அங்கே குறைவு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளூர்த் தெருக்களிலும் தூசியும் சருகும் வந்து குவியும். கல்லடியில் புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. அதன் மேற்பரப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அது ஏ4 பிரதான வீதி. பேருந்தும் லொறியும் ஓயாமல் போகும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. பாலத்தின் சரிவில் இறங்கும்போது வேகம் கூடும். சப்பாத்தின் குதிப்பக்கத்தில் இருக்கும் தடுப்புக்கட்டையை அழுத்தி நிற்கப் பழகாத பிள்ளைக்கு அது ஆபத்தான இடம். 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தையும் நாங்கள் கேட்கவில்லை. அது ஒடுக்கமானது. காற்று வாங்குபவர்களும் தூண்டில் போடுபவர்களும் அங்கே நிற்பார்கள். பௌர்ணமி இரவில் வாவிக்குள்ளிருந்து வரும் ‘பாடும் மீன்’ ஓசையைக் கேட்க வருபவர்களும் உண்டு. அவர்களுடைய இடத்தில் போய் நாங்கள் சில்லு உருட்டுவது சரியல்ல.

காந்தி பூங்கா எல்லோருக்கும் பிரியமான இடம். பின்னேரங்களில் வயதானவர்களும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் அங்கே ஆறுதலாக இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு நடுவே வேகமாக ஓடுவதை நாங்களே விரும்பவில்லை. வெபர் மைதானம் உதைபந்தாட்டத்துக்கும் மெய்வல்லுநர் போட்டிகளுக்கும் உரியது. புல்லில் எங்கள் சில்லு உருளாது. ஊருக்குள் போட்டிருக்கும் கொங்கிறீட் ஒழுங்கைகள் மட்டமாக இருந்தாலும் அவற்றில் படலைக்குப் படலை சைக்கிள் வரும், ஓட்டோ வரும், மாடு படுத்திருக்கும்.

இப்போதைக்குப் பிள்ளைகள் ஓடுவது உள்வீதி ஒன்றின் கடைசித் துண்டில். ஓடத் தொடங்குமுன் தாய்மார் இரண்டு பேர் ஈர்க்கு விளக்குமாற்றால் அந்தத் துண்டைக் கூட்டுவார்கள். அங்கே ஒரு வேம்பு நிற்கிறது. காய்க்கும் காலத்தில் வேப்பங்கொட்டை விழுந்துகொண்டே இருக்கும். கூட்டி முடித்துத் திரும்பினால் மறுபடியும் பத்துக் கொட்டை கிடக்கும். நடுவில் ஒரு வடிகான் மூடி. அதன் கம்பிகள் வீதி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருப்பதால் சில்லு சரியாக அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடும். ஒரு சிறுமி அதில் சில்லு மாட்டி விழுந்து மணிக்கட்டு வீங்கி, கட்டுப்போட வேண்டியதாயிற்று. அந்தக் கம்பிகளைக் குறுக்காக வைத்திருந்தால் சைக்கிள் டயர்கூட மாட்டாது. இது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை என்பதால் குறிப்பிடுகிறோம்.

இனி, கோரிக்கையின் விபரம்.

வாவிக்கரை வீதிகளில் காபெட் (மட்டமான தார்க்கலவை) போட்ட, வளைவு குறைந்த, மரக்கொட்டை விழாத ஒரு துண்டு 300 மீற்றர் நீளத்துக்குக் கிடைத்தால் போதும். ஞாயிறு காலை 5.30 முதல் 7.30 வரை இரண்டு பக்கமும் தடுப்பு வைத்தால் பிள்ளைகள் பயமின்றி ஓடுவார்கள். நேரத்தை யோசித்துத்தான் கேட்கிறோம். வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். அறநெறி வகுப்புக்கும் தேவாலயப் பூசைக்கும் போக வேண்டிய பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் குளித்து வெளிக்கிட நேரம் இருக்கும். தோணியில் மீன் கொண்டுவரும் தொழிலாளர்களுக்கும், அந்த வீதியில் குடியிருப்பவர்களுக்கும், அம்புலன்ஸுக்கும் தடுப்பை உடனே திறந்துவிடுவது எங்கள் பொறுப்பு. ஏ4, ஏ15 போன்ற பிரதான வீதிகளை நாங்கள் கேட்கவில்லை. சபையின் பொறுப்பில் உள்ள வீதி ஒன்றுதான் வேண்டும். நடப்பவர்களும் சைக்கிள் பழகும் சிறுவர்களும் அதே நேரத்தில் அங்கே தாராளமாக வரலாம்.

கொங்கிறீட் தளத்துக்கு 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் பொருத்தமான அளவு. ரோலர் ஹொக்கி ஆடும் தளத்தின் அளவும் அதுதான். 4 அங்குலக் கனத்தில் போட்டால் சுமார் 80 கன மீற்றர் கொங்கிறீட் போகும். அவ்வளவுக்கு நிதி இல்லையென்றால் ஒரு கூடைப்பந்தாட்டத் திடலின் அளவில், 28 மீற்றருக்கு 15 மீற்றர் என்று தொடங்கினாலும் சந்தோஷம். கம்பம் நட்டால் அதையே கூடைப்பந்துக்கும் பாவிக்கலாம். நாங்கள் மிகவும் வேண்டிக் கேட்பது மேல்முகத்தைப் பற்றி. வழக்கமாகக் கொங்கிறீட் வீதிக்கு வழுக்காமல் இருக்கத் தும்புத்தடியால் கோடு இழுப்பார்கள். இந்தத் தளத்துக்கு அப்படிச் செய்யாமல் மேசன்மார் மட்டப்பலகையால் நன்றாக வழித்துவிட வேண்டும். துண்டுக்குத் துண்டு விடும் இடைவெளி ஒடுங்கியதாக இருந்து, நிரப்பப்பட்டிருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ஒரு பக்கம் சரித்தால் மழைத்தண்ணீர் தேங்காது. எங்கள் மாவட்டத்தில் வடகீழ்ப் பருவமழை ஓய்வது தை மாத அளவில் என்பதால், மாசிக்குப் பிறகு வேலையைத் தொடங்கினால் கொங்கிறீட்டும் ஒழுங்காக இறுகும்.

தளத்துக்கு விளக்கு கட்டாயம் வேண்டும். டியூஷன் முடிந்து பிள்ளைகள் வர ஐந்தரை ஆகும்; ஆறரைக்குள் இருட்டிவிடுகிறது. பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்கு முதல் காரணம் இருட்டுத்தான். தளம் நாலு பேர் பார்வையில் படும் இடமாகவும் இருக்க வேண்டும். ஒதுக்குப்புறமான காணி மலிவாகக் கிடைத்தாலும் தயவுசெய்து அதைத் தெரிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் தாங்கள் கருத்தில் எடுக்க வேண்டும். சக்கர நாற்காலியின் முன்சில்லும், குழந்தை வண்டியின் சில்லும், எங்கள் சப்பாத்தின் சில்லும் தடுக்கி நிற்பது ஒரே இடங்களில்தான்: உயர்ந்த நடைபாதை விளிம்பு, உடைந்த மூடி, கல் பெயர்ந்த குழி. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ், பொது இடங்களுக்கு அவர்கள் தடையின்றிச் சென்றுவர வசதி செய்ய வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. எனவே இனிப் போடும் நடைபாதைகளின் முனைகளைச் சரிவாக இறக்குவதும் மூடிகளின் கம்பிகளைக் குறுக்காக வைப்பதும், எங்களுக்காக மட்டும் செய்யும் சலுகை ஆகாது. போர்க்காலத்தில் கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர் வாழும் மாவட்டம் இது.

விளையாட்டு என்ற வகையிலும் இதற்கு இடம் இருக்கிறது. ரோலர் ஸ்கேட்டிங் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் சேர்க்கப்பட்டது. 2023 இல் ஹாங்சோவில் நடந்த விழாவில் 3000 மீற்றர் அஞ்சலோட்டத்தில் இந்தியாவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வென்றன. அந்த அணிகளில் ஓடிய ஆனந்த்குமார் வேல்குமாரும் ஆரத்தி கஸ்தூரிராஜும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆனந்த்குமார் 2025 இல் சீனாவில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீற்றரில் தங்கமும் வென்றார். இதை எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தமிழ் பேசும் ஒருவர் அங்கே நிற்பதைக் கண்டபோது அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம்.

மட்டக்களப்பில் விளையாட்டு வளர்ந்த விதம் தாங்கள் அறியாதது அல்ல. இயேசு சபைக் குருவான ஹேபர்ட் அடிகளார் இங்குள்ள புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். அந்தக் கல்லூரி அணியின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. நகரின் மைதானம் வெபர் அடிகளாரின் பெயரால் நிற்கிறது. ஒரு திடலும், பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்கிய ஒரு பெரியவரும் கிடைத்ததால் அது நடந்தது. பழக்குவதற்கு எங்களுக்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தபோது ஒழுங்காகப் பழகியவர்கள், சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். திடல்தான் இல்லை.

எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் தரும் உறுதி: தலைக்கவசமும் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளும் போடாத பிள்ளையைத் தளத்தில் இறங்க விடமாட்டோம். விழும்போது கையை ஊன்றுவதால் ஸ்கேட்டிங்கில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டுத்தான்; அதனால் அந்தக் காப்பு இல்லாதவர்களுக்குப் பொதுவாகச் சில சோடிகள் வாங்கி வைப்போம். ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் நால்வராவது நிற்போம். ஓடுமுன் கூட்டுவதும், முடிந்ததும் குப்பை பொறுக்குவதும் எங்கள் வேலை. ஒலிபெருக்கி வைக்கமாட்டோம். எந்தப் பாடசாலைப் பிள்ளையானாலும், எந்தச் சமூகத்துப் பிள்ளையானாலும் வந்து பழகலாம். காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் இப்போதே கேட்கிறார்கள்.

முதல் படியாக, தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரும் எங்களில் இருவரும் சேர்ந்து வாவிக்கரை வீதிகளை ஒரு காலையில் நடந்து பார்க்க ஒரு நாளைக் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தெரிவு செய்யும் துண்டில் மூன்று மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக அனுமதி தாருங்கள். அந்த வீதியில் குடியிருப்பவர்களின் சம்மதத்தை வீடு வீடாகப் போய் நாங்களே எழுத்தில் வாங்கித் தருகிறோம். கொங்கிறீட் தளத்துக்குரிய காணியைப் பற்றிய தங்கள் முடிவை வரவுசெலவுத் திட்டம் தயாராகுமுன் அறியத் தந்தால், நலன்விரும்பிகளிடம் சீமெந்துக்கான உதவி திரட்ட எங்களுக்கும் அவகாசம் கிடைக்கும்.

பெற்றோரின் கையொப்பங்களும், பிள்ளைகள் தங்கள் கைப்பட எழுதிய கடிதங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

நன்றி.

இங்ஙனம்,
ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் சார்பாக,
கல்லடி உப்போடை, மட்டக்களப்பு.

பிரதிகள்:
மாநகர முதல்வர், மட்டக்களப்பு
மாவட்டச் செயலாளர், மட்டக்களப்பு
பிரதேச செயலாளர், மண்முனை வடக்கு