கோத்தகிரியில் பிள்ளைகளோடு ஒரு மே மாதம்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி மடல்

கோத்தகிரி அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று குடும்பங்கள், ஆறு மாதக் கைக்குழந்தை முதல் ஏழு வயது வரை ஐந்து பிள்ளைகள், ஒரு வாடகை வீடு, மே மாதம் முழுவதும். பிள்ளைகள் ஐவரும் நலமாக மலையிறங்கினார்கள் என்றால், நீங்கள் ஒவ்வொருவரும் போகிற போக்கில் சொல்லித் தந்த சின்னச் சின்ன விவரங்கள்தான் காரணம். வாயால் மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. சொன்னதையெல்லாம் அளவோடும் காரணத்தோடும் இங்கே எழுதி வைக்கிறோம். அடுத்த கோடையில் பிள்ளைகளோடு ஏறி வருகிறவர்களுக்கு இது பயன்பட்டால் அந்தப் புண்ணியம் உங்களுக்கே.

முதல் நன்றி மேட்டுப்பாளையத்தில் வண்டி எடுத்த ஓட்டுநர் அண்ணனுக்கு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். கோத்தகிரி 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இவ்வளவு உயரம் ஏறினால் பிள்ளைகளின் வயிறும் காதும் தாங்கச் சிரமப்படும். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, அவ்வளவுதான். பால் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டவே வேண்டாம். வெறும் வயிறும் குமட்டும். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு எதிரே தெரிகிற தூர மலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண் ஓரிடத்தில் நிலைத்திருக்க உடம்பு மட்டும் சுழல்வதால்தான் வாந்தி வருகிறது. காது அடைத்தால் விழுங்க வைக்க வேண்டும். விழுங்கும்போது காதுக்குள் இருக்கும் குழல் திறந்து அழுத்தம் சமமாகும். கைக்குழந்தைக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் பால் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மடக்காக வெந்நீர். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அதிகம் வலிக்கும், மூக்கடைப்பு இருந்தால் இன்னும் கூடும் என்று அவர் சொல்லி வைத்தது திரும்பும் நாளில் மிகவும் உதவியது. வாந்திக்கென்று பிளாஸ்டிக் பை எடுத்து வராதீர்கள், மாவட்டத்தில் அதற்குத் தடை. உள்ளே செய்தித்தாள் விரித்த மூடிபோட்ட தகர டப்பா போதும். நாற்றமும் வெளியே வராது.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸை, அதாவது இணையத்தில் பதிவுசெய்து பெறும் நுழைவு அனுமதியை, வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு பதிவு செய்யப் பார்த்தால் சிக்னலும் கிடைக்காது, பிள்ளைகளும் அழுவார்கள். ஏறி வருகிற சாலையில் குஞ்சப்பனை பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் வரும். அங்கே சிறுநீர் கழிக்கவென்றுகூடப் பிள்ளைகளை இறக்கக்கூடாது.

வீட்டைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாங்கள் வருவதற்கு முந்தின நாள் கம்பளிகளையும் மெத்தைகளையும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வெயிலில் போட்டு, தட்டி, மடித்து வைத்திருந்தார். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கம்பளியில் ஈரமும் பூஞ்சையும் இருக்கும். இளைப்பு வருகிற பிள்ளைக்கு முதல் இரவே மூச்சு வாங்க அது ஒன்றே போதும். வெயிலை ஏன் பத்து மணிக்கே பிடிக்க வேண்டுமென்றால், மே மாதத்தில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடியோடு மழை பெய்வது வழக்கம். துணி துவைப்பது, குளிப்பாட்டுவது, வெளியே நடப்பது எல்லாமே மதியத்துக்குள் முடிய வேண்டும். குளிப்பாட்ட விடிகாலை வேண்டாம், பதினொரு மணி வெயில்தான் சரி. துணி காய இரண்டு நாள் ஆகும். மாலை மூடுபனி இறங்குமுன் எடுக்காவிட்டால் காய்ந்த துணியும் மறுபடி ஈரமாகிவிடும். பிள்ளைக்கு ஆறு செட் உள்ளாடையும் மூன்று ஜோடி காலுறையும் இருந்தால் சமாளிக்கலாம். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது, ஓடியாடி வேர்த்ததும் ஒன்றைக் கழற்றிவிடலாம். வேர்த்த துணியோடு நிற்கும்போதுதான் குளிர் பிடிக்கிறது.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன ஒன்றை அதே அழுத்தத்தோடு எழுதுகிறோம். குளிருக்கென்று கரி அடுப்பை, கங்குச் சட்டியை, பார்பிக்யூ அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். புகை நின்று கங்கு தணிந்த மாதிரித் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஓடுவதும் இதே ஆபத்துதான். படுக்கையை வெந்நீர்ப் பையால் சூடாக்கலாம். துண்டில் சுற்றி வைத்து, கைக்குழந்தையைக் கிடத்துமுன் எடுத்துவிட வேண்டும். குழந்தைக்குக் கம்பளி நெஞ்சுக்கு மேல் ஏறக்கூடாது.

இனி சமையலறை. இங்கே பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊரிலிருந்து) வந்து போன பாட்டிக்கும் பால்கார அண்ணனுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரியது.

இந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பது 94 டிகிரி அளவில்தான். அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். அரை மணி ஊறவைத்துக் குக்கரில் போட்டு, கீழே மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து விட வேண்டும். முட்டைக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட. கைக்குழந்தைக்குக் குழைத்துக் கொடுக்கிற சாதத்தை விரலால் நசுக்கிப் பார்த்து, நடுவில் அரிசிப்பொட்டு தட்டுப்படாமல் இருந்தால்தான் ஊட்ட வேண்டும்.

தோசை மாவுதான் பெரிய பாடம். நாலுக்கு ஒன்று கணக்கில் இட்லி அரிசியும் உளுந்தும், ஒரு தேக்கரண்டி வெந்தயம், கைப்பிடி அவல். சமவெளியில் மாவு சூடேறக்கூடாதென்று குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைப்போம். இங்கே நேர்மாறாக, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைக்கச் சொன்னார் பாட்டி. உப்பைப் பாதிதான் முதலில் போட வேண்டும், மீதியைப் பொங்கிய பிறகு. உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். கீழே அது வேண்டியதுதான், இங்கே வேண்டாம். ஒரு கரண்டி பழைய மாவைக் கலந்து, பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்பி, அதைவிடப் பெரிய பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி அதற்குள் வைத்து, மேலே பழைய கம்பளி. படுக்கப் போகுமுன் தண்ணீரை ஒருமுறை மாற்ற வேண்டும். அப்படியும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அவசரப்பட்டு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் ஓரத்து மாவு வெந்து கட்டியாகிவிடும், அதன்பிறகு அந்த மாவு பொங்கவே பொங்காது. சோடா உப்பு வேண்டாம் என்பதில் பாட்டி உறுதியாக இருந்தார், நாங்களும் அப்படியே.

தயிருக்கும் இதே கதைதான். ஒரு லிட்டர் பாலுக்குக் கீழே ஒரு தேக்கரண்டி உறைமோர் போதும். இங்கே இரண்டு மேசைக்கரண்டி. பால் விரல் வைத்துப் பத்து எண்ணுகிற சூட்டில் இருக்க வேண்டும். ஹாட் பாக்ஸை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, கொட்டிவிட்டு, பாலை அதில் மாற்றி மூடினால் எட்டு மணி நேரத்தில் கெட்டித் தயிர். உறைந்துவிட்டதா என்று பிள்ளைகள் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும், ஆட்டினால் தண்ணீர் விட்டுப்போகும். உயரமான அலமாரியில் வைத்துவிடுவதே வழி. தேங்காய் எண்ணெய் உறைந்து கல்லாகிவிடுவதால் தலைக்குத் தேய்க்கிற அளவை மட்டும் கிண்ணத்தில் எடுத்து வெந்நீரில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஊர் பேக்கரிகளின் மொறுமொறு பலகாரமான வர்க்கியும் மூடுபனியில் நமத்துப்போகும். கடையிலிருந்து வந்ததும் இறுக்க மூடும் தகர டின்னில் போட வேண்டும். அந்தப் பேக்கரி அண்ணன் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கட்டித் தரமாட்டார், முழுக்க ஆறின பிறகுதான் தருவார். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் வேர்த்து மொறுமொறுப்பு போய்விடும் என்பதால் அந்தக் காத்திருப்பு நியாயமானது.

பாட்டி தந்த அவரைக்கொட்டைக் குழம்புக்கும் எண்ணெ ஹிட்டு என்கிற படகர் பலகாரத்துக்கும் தனியே ஒரு நன்றி.

வனத்துறைக் காவலர் ஐயாவுக்கு: கோத்தகிரியை ஒட்டிய காடான லாங்வுட் சோலைக்கு அனுமதி பெற்று, உங்களோடு நடந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் கற்றது அதிகம். சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் ஊறுவது இந்தச் சோலையிலிருந்துதான் என்று நீங்கள் சொன்ன பிறகு ஒருவரும் ஒரு மிட்டாய்த் தாளைக்கூடக் கீழே போடவில்லை. மழை பெய்த மறுநாள் அட்டை ஏறும். பிடித்து இழுத்தால் காயம் பெரிதாகும். நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி, முதலில் மெல்லிய முனையை விடுவிக்க வேண்டும், அது வாய்ப்பக்கம். விழுந்த பிறகும் ரத்தம் கசியும். ரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்திவிட்டுப் போவதால் அப்படி. சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். விரலிடுக்குகளையும் காலுறையின் உட்புறத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

காட்டுமாடு தேயிலைத் தோட்டத்துக்குள் மாலையில் மேயும். சாதுவாகத் தெரியும், கன்று கூட இருந்தால் சாது இல்லை. மூன்று நான்கு பேருந்து நீளம் விலகி, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்ப வேண்டும். பிள்ளைகளை ஓட விடக்கூடாது, கையைப் பிடித்து நடத்த வேண்டும். கரடி எண்ணெய் வாசத்துக்கு வரும். அதனால் இரவில் எண்ணெய்ச் சட்டி, சாப்பாட்டு மிச்சம் எதையும் பின்கட்டில் வைக்கக்கூடாது. மாலை ஆறுக்கு மேல் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே இல்லை என்பதை முதல் நாளே சட்டமாக்கிவிட்டால் பிறகு பேச்சே எழாது. காட்டுப் பழங்களில் தவிட்டுப்பழம் தின்னலாம், ஆனால் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பறித்துத் தந்தால் மட்டும். வேலியோரம் கொத்துக் கொத்தாகக் காய்க்கிற உண்ணிச்செடிக் காயும், மணிபோலத் தொங்குகிற ஊமத்தை இனப் பூவும் விஷம். இரண்டும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் மருந்து தெளித்திருக்கிறார்களா என்று கேட்காமல் உள்ளே இறங்கவும் வேண்டாம்.

அரசு மருத்துவமனைச் செவிலியர் அக்காவுக்கு: வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், பாதிப் பொட்டலம் ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கலக்கக்கூடாது. உப்பு கூடிப்போவது ஆபத்து. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. குரங்கோ நாயோ கீறினால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மஞ்சளும் சுண்ணாம்பும் தடவாமல், அன்றே ஊசிக்கு வர வேண்டும். குளிராக இருக்கிறதென்று வெயிலை லேசாக எண்ணவும் வேண்டாம். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும். தொப்பி இல்லாமல் விளையாடிய பிள்ளைக்கு மூக்கும் காதும் உரியும். குளிரில் தாகம் தெரியாததால் இரண்டு மணிக்கொருமுறை நாமாகத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

மலை ரயிலில் போகச் சொன்ன நிலைய ஊழியருக்கும் நன்றி. மேட்டுப்பாளையத்தில் காலை 7:10க்குப் புறப்பட்டு உதகை சேர ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடும். பெட்டியில் கழிப்பறை கிடையாது, நிற்கிற நிலையங்களில் போய்விட்டு வந்துவிட வேண்டும். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும். அதனால் முதல் பெட்டியில் உட்கார்ந்தால் காட்சியும் தெரியும், கரித்துகளும் கண்ணில் குறைவாக விழும்.

எங்களோடு தங்கிய தோழமைக் குடும்பங்களுக்கும் இதே மடலில் சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் சமையல் ஒரு குடும்பம், அன்றைக்கு அவர்களுக்குப் பிள்ளைப் பொறுப்பு இல்லை. பிள்ளைகளைப் பார்க்கிறவர் கழுத்தில் விசில். பொறுப்பை மாற்றும்போது "இப்ப நீங்க" என்று வாய்விட்டுச் சொல்லி விசிலைக் கையில் கொடுத்தால்தான் மாறியதாகக் கணக்கு. பெரியவர்கள் ஆறு பேர் ஒரே இடத்தில் இருக்கும்போதுதான் பிள்ளை கண்ணில் படாமல் நழுவுகிறது, அடுத்தவர் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதால். செலவு நோட்டில் அன்றன்றே எழுதி ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தீர்த்ததில் நட்பில் ஒரு சுளிப்பும் வரவில்லை.

கடைசியாக, காலை ஏழு மணிக்குக் குப்பை எடுக்க வந்த தூய்மைப் பணியாளர்களுக்கு. டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றித் தனியே கொடுங்கள் என்று முதல் நாளே சொன்னீர்கள். கலந்து போட்டால் உங்கள் கைதான் அதைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதை நாங்கள் அதற்கு முன் யோசித்ததில்லை. மாதம் முழுக்கப் பகலில் துணி அணையாடை, இரவுக்கு மட்டும் டயப்பர் என்று மாற்றிக்கொண்டோம்.

அடுத்து வருகிறவர்களுக்காக ஹாட் பாக்ஸ் இரண்டும், வர்க்கி டின்னும், இரண்டு விசிலும், பிள்ளைத் தொப்பிகள் நான்கும் சமையலறைக் கீழ்த்தட்டில் இருக்கின்றன. சாவி அக்காவிடம். உறைமோருக்குப் பால்கார அண்ணனிடம் முதல் நாள் மாலையே சொல்லிவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
மூன்று குடும்பத்தினர்