ஒண்ணுக்கு மூணு

மாப்ளே,

அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? தங்கச்சி கல்யாணத்துக்கு நீ வரல, பொங்கலுக்கு நான் போன் பண்ணல. கணக்கு நேராயிருச்சு, விடு.

கடையில ஒரு பஞ்சாயத்து. நீ இருந்திருக்கணும். 98 சதவீத சல்ப்யூரிக் ஆசிட் கேன் வந்து இறங்குச்சு. பேட்டரிக்கு வேண்டியது 1280 கிராவிட்டி, அதாவது தண்ணியைப்போல 1.28 மடங்கு கனம்; அதுல ஆசிட் எடையில கிட்டத்தட்ட 37 சதவீதம். நம்ம பெரியவர் வழக்கம்போல "ஒரு மக்கு ஆசிட், மூணு மக்கு டிஸ்டில்டு வாட்டர்"னார். புதுசா சேர்ந்த டிப்ளமா பையன் பேப்பரை எடுத்துட்டான். நம்ம சோடாபுட்டி சார் போர்டுல போடுவாரே, அதே பெருக்கல் குறி. ஒரு பக்கம் 98, மறுபக்கம் 0, நடுவுல 37. குறுக்கே கழிச்சா ஆசிட் 37 பங்கு, தண்ணி 61 பங்கு. "ரெண்டு மடங்குகூட இல்லையே தாத்தா"ன்னு ஒரு சிரிப்பு வேற.

பெரியவர் மூஞ்சி சிவந்துருச்சு. நான்தான் தீர்ப்பு சொன்னேன்: டேய், உன் கணக்கு எடைக்கு, அவர் கணக்கு மக்குல அளக்குறதுக்கு. ஒரு மில்லி ஆசிட் 1.84 கிராம். 37-ஐ அதால வகு, 20 மில்லி. தண்ணி 61 மில்லி. ஒண்ணுக்கு மூணு வந்துச்சா? லாகரிதம் புக்கையே பாக்காத மனுஷன்டா அவரு!

இன்னொண்ணு. 20-ம் 61-ம் 81 தானே? ஆறின பிறகு 76, 77 மில்லிதான் தேறும். மொத்த எடை 37-ம் 61-ம் 98 கிராம், 1.28-ஆல வகுத்துப் பாரு. ஆசிடும் தண்ணியும் ஒண்ணை ஒண்ணு இழுத்து நெருங்கி உக்காந்துக்குது. எடை குறையாது, அளவுதான் குறையும். அதனாலதான் தராசுல வச்சுக் கலக்குறவன் ஏமாறமாட்டான். சூட்டோட, கிராவிட்டி அளக்குற ஹைட்ரோமீட்டரை விட்டாலும் கிராவிட்டி கம்மியாத்தான் காட்டும், அதை நம்பி இன்னும் ஆசிட் ஊத்துறவங்க இருக்காங்க.

சிரிச்சது அதோட நின்னுச்சு. கணக்கு ஒத்துவந்த குஷியில அந்தப் பையன் ஆசிட் இருந்த மக்குலயே தண்ணியைச் சாய்க்கப் போனான். பெரியவர் மணிக்கட்டைப் பிடிச்சுட்டார். தண்ணி லேசு, மேலேயே நின்னு கொதிச்சு மூஞ்சில தெறிச்சிருக்கும். கண்ணாடிகூடப் போடல அவன். தண்ணியில ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும்னு பரீட்சையில எழுதினவன்தான். மாப்ளே, உன் கிளாஸ் பிள்ளைங்களுக்கு அதை எழுத வைக்காதே, கையால செய்ய வை.

அப்புறம், பிஎச் 1-ம் பிஎச் 3-ம் சரிபாதி கலந்தா 2-ன்னு அடிச்சுச் சொன்னியே, வாத்தியாரே! பிஎச் ஒண்ணு ஏறினா அமிலம் பத்துல ஒண்ணாயிரும்; 1-ன்னா 0.1, 3-ன்னா 0.001. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கு: 0.0505. பிஎச் 1.3. பந்தயப் பிரியாணி பாக்கி இருக்கு. நம்ம கூட்டாளி ‘முட்டை’யையும் கூட்டிட்டு வா, அவன் முன்னாடி சாப்பிட்டாத்தான் எனக்கு ருசிக்கும்.

உன்,
ஆசிட்