"புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள்

நீலகிரி மலையில் புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு 66 வயது. நுவரெலியாவில் பிறந்தவர். சிறுமியாகக் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அதன்பிறகு கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலேயே கொழுந்து பறித்தவர். போன வருடம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. சோதித்ததில் ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அம்மா ஒரு நாள் விடவில்லை. மறுபடி பார்த்தபோது 8.1.

"மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்களா, இல்ல தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. அம்மா பதில் பேசவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒன்பது காலி அட்டைகளை எடுத்து மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். அவர் கை நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

வெளியே பெஞ்சில் ஓர் இளம் செவிலியர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காலையில எந்திரிச்சதும் என்னென்ன செய்வீங்க? வரிசையாச் சொல்லுங்கம்மா" என்றார்.

"எழும்பி, அடுப்பப் பத்த வச்சு, ஒரு பிளேன்டீ ஊத்துவேன். அதுலயே மாத்திரையையும் முழுங்கிருவேன்."

அவ்வளவுதான் விஷயம். டீயில் இருக்கும் டானின், மாத்திரையில் உள்ள இரும்புச்சத்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. பாலோடு போட்டாலும், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் இரும்புச்சத்து சரியாகச் சேராது. தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். டீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுக்கிறோம். இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள், எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டால் நல்லது, மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்றெல்லாம் அந்தச் செவிலியர் சொன்னார். பிறகு, "இப்ப நீங்க சொல்லுங்க, நாளைக்கு எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டார். அம்மா முதலில் தப்பாகத்தான் சொன்னார். அவர் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை விளக்கினார். இரண்டாவது முறை அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார்: "மத்தியானச் சங்கு ஊதினதும் போட்டுக்கிறேன், சோத்துக்கு முன்னாடி." ஃபேக்டரி சங்குதான் அம்மாவுக்குக் கடிகாரம். மொத்தம் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அடுத்த மூன்று மாதத்தில் 10.6.

உங்களிடம் நான் கேட்பது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

"புரிஞ்சுதா?" என்றால் எங்கள் ஆட்கள் எல்லோரும் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, பஸ் போய்விடும், படித்தவர்களிடம் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லை. வீட்டில் படுகு மொழி பேசும் பாட்டியும், கூடலூர், பந்தலூரிலிருந்து வரும் பணியர் பழங்குடி வீட்டுப் பெண்ணும் இதே "சரிங்க"வைத்தான் சொல்வார்கள். "வெறும் வயித்துல வாங்க" என்றால் சோறு சாப்பிடாமல் வருவார்கள், ஆனால் சர்க்கரை போட்ட டீ குடித்திருப்பார்கள். டீயை யார் சாப்பாட்டுக் கணக்கில் வைக்கிறார்கள்? "சுகர் கண்ட்ரோல்ல இருக்கு" என்றால் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவார்கள். "பாசிட்டிவ்" என்றால் நல்ல சேதி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெற்றோரிடமிருந்து மரபணு வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் அரிவாள் செல் ரத்தசோகை நம் மலைப் பழங்குடிகளிடம் இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. இன்றைக்கும் ஒரு தாய் பிள்ளையின் ரிசல்ட்டோடு திரும்பும்போது, பிள்ளைக்கு நோயே இருக்கிறதா, அல்லது மரபணுவை மட்டும் சுமக்கிறானா என்று அவரால் சொல்ல முடியவேண்டாமா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மருந்தின் பெயரைப் படிக்கும்படியாக, முடிந்தால் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. நல்ல விதி, ஆனால் அது ஆங்கில எழுத்து. பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் அம்மாவுக்கு அதனால் பயனில்லை. சுவரில் ஒட்டும் போஸ்டரும் அப்படித்தான். மாத்திரை கவரில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து கொடுத்தால் அவருக்குப் போதும்.

நீங்கள் படும் பாட்டை நேரில் பார்க்கிறவள் நான். ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். எல்லோரிடமும் கேட்கச் சொல்லவில்லை. புது மாத்திரை எழுதும்போது, அளவை மாற்றும்போது மட்டுமாவது, மாத்திரை கொடுக்கும் ஜன்னலிலாவது, "வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

போன வாரம் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். "காலையில ஒண்ணு, ராத்திரி பாதி. புரிஞ்சுதா?" ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மா "சரிங்க" என்றார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு பையைத் திறந்து இரண்டு அட்டைகளையும் என்னிடம் காட்டி, "இதுல எதுல பாதி?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு மகள்